ஒரு அமுக்குக்கு ஆறு வார்த்தை

— முதல்ல அது கத்தறதை நிறுத்துங்க.

— நிறுத்தத்தான் போறேன், மைக்கு. நாலு மணி நேரமா தனியா உழைச்ச பேட்டரி. உயிர் போற நேரத்துல நாலு தடவை கத்திட்டுப் போகட்டுமே. இதோ, மூச்சு மிஷின் குழாயைக் கழுத்துலேர்ந்து கழட்டறேன். கையால அமுக்கற ரப்பர் காத்துப் பையை மாட்டறேன். மாட்டியாச்சு. எங்க, பேசு பாப்போம்.

— காத்து பத்தல.

— இப்ப?

— இப்ப சரி. மெதுவா. நான் என்ன லாரி டயரா?

— முப்பத்தோரு வருஷம் பஞ்சர் கடையில காத்தடிச்ச கை இது. லாரிக்கு எவ்வளவு, சைக்கிளுக்கு எவ்வளவு, பொண்டாட்டிக்கு எவ்வளவுன்னு கைக்கே தெரியும். லாரி ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்ல.

— லாரிக்கு வாய் கிடையாது.

— உனக்கு மட்டும்? நான் பையை அமுக்கினாத்தான் உனக்கு வாய். விட்டா நீ ஊமை. உலகத்துல எந்தப் புருஷனுக்கும் கிடைக்காத வசதி இது.

— கிடைச்சு என்ன பண்ணினீங்க? ஒரு சண்டையாவது ஜெயிச்சீங்களா?

— அதான் எனக்கும் புரியல. ஒரு அமுக்குக்கு ஆறு வார்த்தைதான் உனக்கு வருது. எண்ணியே பாத்திருக்கேன். ஆறே வார்த்தையில என்னை மண்ணைக் கவ்வ வைக்கறே.

— கழுத்துக்குக் கீழதான் படுத்துடுச்சு. நாக்கு கழுத்துக்கு மேல.

— அது டாக்டர் சொல்லி எனக்குத் தெரிய வேண்டியதில்ல.

— மணி என்ன?

— ஒன்பதரை.

— அந்தப் பெரிய பேட்டரி?

— லாரி பேட்டரியா? அது விடியக்காலையே மண்டையைப் போட்டுடுச்சு. பதினாலு மணி நேரம் தாங்கிச்சு, அது வயசுக்கு அது பெரிசு. அப்புறம் மிஷினோட சொந்த பேட்டரி. அதுவும் இப்பப் போச்சு. இனிமே வீட்டுல மிச்சம் இருக்கற ஒரே பேட்டரி நான்தான். அதுக்கும் எழுபத்தொண்ணு ஆச்சு.

— லைன்மேன் வரலயா?

— வந்தார். விழுந்து கிடந்த கம்பத்தைப் பாத்தார். கம்பம் அவரைப் பாத்துது. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல. போயிட்டார்.

— புளுகுமூட்டை.

— சத்தியமா சொல்றேன். போகும்போது கண்ணைத் துடைச்சுக்கிட்டார். மழைத் தண்ணியா இருக்கலாம், நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

— இல்லத்து வண்டி எப்ப வருமாம்?

— மழை விடணும். ரோட்டுல விழுந்த மரத்தை அறுத்து எடுக்கணும். அப்புறம்தான் வருமாம். உன் மக காலைல ஃபோன் பண்ணினா. 'மழை விட்டதும் வண்டி வந்துடும்பா. எதையாவது அளந்து விட்டு டிரைவரைத் திருப்பி அனுப்பிடாதே'ன்னா. பெத்த அப்பன் மேல என்ன நம்பிக்கை பாரு.

— அவளுக்கு உங்களைத் தெரியும்.

— உன்னை வச்சுப் பாத்துக்கப் போற அந்த இல்லத்துல ஜெனரேட்டர் யானை சைஸுல இருக்காம். கரண்ட் போனாக்கூட அங்க இருக்கறவங்களுக்குத் தெரியாதாம். ஃபேன் ஒரு சுத்துகூட நிக்காதாம்.

— ம்.

— என்ன 'ம்'? ஆறு வார்த்தைக்கான காத்து குடுத்திருக்கேன், ஒரு எழுத்துல முடிச்சுட்டே.

— கரண்டே போகாதுன்னா... கையால அமுக்கவே மாட்டாங்க.

— எதுக்கு அமுக்கணும்? மிஷின் நிமிஷத்துக்குப் பதினாலு தடவை கடிகாரம் மாதிரி ஊதும். கதை சொல்லாது, கண்ணசராது.

— அதை விடுங்க.

— எதை விடறது? போன புயல்ல நான் கண்ணசந்தேன். கை பாட்டுக்கு நின்னு போச்சு. மூணு நிமிஷம்.

— நாலு.

— உனக்கு எப்படித் தெரியும்? நீதான் நினைவே இல்லாமக் கிடந்தியே.

— டீச்சர் சொன்னா.

— கீழ் வீட்டு டீச்சர் தீப்பெட்டி கேட்டு மேல வரலேன்னா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும். ஒரு தீப்பெட்டிக்கு நாம பட்ட கடன். அன்னிலேர்ந்து அந்த அம்மா எது கேட்டாலும் நான் இல்லேன்னு சொன்னதில்ல.

— இல்லத்துக்குப் போறேன்னது நான். நீங்க இல்ல. அதை மறந்துடாதீங்க.

— மறப்பேனா? கண்ணு முழிச்சதும் நீ சொன்ன முதல் ஆறு வார்த்தை அதுதான்.

— உங்க கட்டை விரல் எப்படி இருக்கு?

— இருக்கு. கையோடதான் இருக்கு.

— மடங்குதா?

— மடங்குது. நிமிர மட்டும் கொஞ்சம் யோசிக்குது. இடது கைக்கு மாத்திக்கறேன். மாத்தும்போது ஒரு அமுக்கு தவறும், பயப்படாதே. ஒண்ணு, ரெண்டு, ம். வந்துதா?

— வந்துது. மழை எப்படி இருக்கு?

— ஜன்னல் இடுக்குல பாக்கறேன் இரு. அடடா. சொன்னா நம்ப மாட்டே.

— எப்பதான் நம்பினேன்? சொல்லுங்க.

— எதிர் வீட்டு மொட்டை மாடியில கறுப்புத் தண்ணித் தொட்டி இருந்துதே, பறந்து போச்சு. சும்மாப் பறக்கல. தெருவை ரெண்டு சுத்து சுத்தி எல்லாரையும் பாத்துட்டுப் போச்சு. பின்னாலேயே குழாயும் போச்சு, கன்னுக்குட்டி மாதிரி.

— அப்புறம்?

— தெருவுல இடுப்பளவு தண்ணி. ஒரு ஃப்ரிட்ஜ் மிதந்து வருது. கதவு திறந்திருக்கு. மேல் தட்டுல பால், கீழ் தட்டுல பூனை. அவசரமே படல. எந்த வீட்டு வாசல்ல இறங்கலாம்னு பாத்துக்கிட்டே போகுது.

— பூனை என்ன கலரு?

— இதைக் கேப்பேன்னு தெரியும். பாதி வெள்ளை. மீதி நனைஞ்சிருந்துது.

— சிரிக்க வைக்காதீங்க. காத்து வீணாப் போகுது.

— போகட்டும். எங்கிட்ட நிறைய இருக்கு. மணி பத்தாகப் போகுது, உன்னைத் திருப்பிப் போடணும். காத்து மெத்தையும் கரண்ட் இல்லாம அப்பளமாக் கிடக்கு. இப்படியே விட்டா முதுகு புண்ணாயிடும்.

— டீச்சரைக் கூப்பிடுங்க.

— அவ வீட்டுல தண்ணி புகுந்துடுச்சு. வாளியால மொண்டு ஊத்திக்கிட்டிருக்கா. நானே பாத்துக்கறேன். பெரிசா நாலு அமுக்கு தரேன். அப்புறம் பையைக் கழட்டிட்டு, இருபது எண்ணறதுக்குள்ள சுவத்துப் பக்கம் திருப்பிடுவேன். சம்மதமா?

— வேற வழி?

— வேற வழின்னா, கட்டிலைத் திருப்பலாம். சுவத்தை இடிக்கணும்.

— எண்ணுங்க.

— ஒண்ணு. ரெண்டு. முட்டியை மடிச்சாச்சு. மூணு. நாலு. அஞ்சு. தோள் வந்துடுச்சு. ஆறு. ஏழு. எட்டு. வா, வா, கனமா இருக்கே, நேத்து என்ன சாப்பிட்டே? ஒன்பது. பத்து. இடுப்பு. பதினொண்ணு. பன்னெண்டு. தலையணை எங்க? தலையணை. பதிமூணு. பதினாலு. இதோ. பதினஞ்சு. பதினாறு. காதை மடக்கிட்டேனா? இல்ல. பதினேழு. பத்தொன்பது. இருபது. மாட்டியாச்சு. பேசு. மைக்கு, பேசு.

— பதினெட்டைக் காணோம்.

— சீக்கிரம் முடிக்கலாம்னு பாத்தேன்.

— எங்கிட்டயே ஏமாத்து வேலை. கால் சில்லுனு இருக்கா பாருங்க.

— ஐஸ்கட்டி. கம்பளியை இழுத்து விடறேன். நீ எப்படிக் கண்டுபிடிச்சே?

— உங்க மூக்கு குளிர்ல சிவந்திருந்துது. அதான்.

— இப்ப ஒரு கையால பையை அமுக்கறேன். இன்னொரு கையால உன் கையைப் பிடிச்சிருக்கேன். தெரியுதா?

— தெரியல.

— கெட்டியா பிடிச்சிருக்கேன்.

— அது தெரியாதுங்க. காத்துதான் தெரியும். தொண்டை வரைக்கும் வருது.

— மிஷின் காத்தும் அங்கதானே வருது?

— அது யாரோ. இது நீங்க. என்ன, பேட்டரி அழுவுதா?

— இல்ல, சாரல் அடிக்குது. ஜன்னல் பலகை ஒண்ணு உடைஞ்சிருக்கு. கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உக்காந்துக்கறேன். உன் மூஞ்சில படாம இருக்கும்.

— மழை விடலயா?

— விடறதா? இப்பதான் சூடு பிடிச்சிருக்கு.

— காக்கா கத்துது.

— காக்காவா? அது டீச்சர் வீட்டுத் தகரம். காத்துல ஆணியோட உரசுது. கேட்டா காக்கா மாதிரிதான் இருக்கும். நானே ரெண்டு தடவை ஏமாந்துட்டேன்.

— ரெண்டு தகரம் பேசிக்குது போல.

— அந்த வீட்டுல ரெண்டு தகரம்.

— பழைய கதை ஒண்ணு சொல்லுங்க. நீங்க என்னைப் பாத்த கதை.

— அதுல பொய்யே கிடையாதே, உனக்குப் பிடிக்காதே. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால என் பஞ்சர் கடை. தலைக்கு மேல ஒரு ஸ்பீக்கர். காலைல ஆறு மணியானா அதுலேர்ந்து ஒரு பொண்ணு குரல். எந்த பஸ் எந்த இடத்துல நிக்குது, எப்பக் கிளம்பும், வழியில எந்தெந்த ஊரு. ஒரே மூச்சுல பதினாலு ஊரு. நான் காத்தடிக்கற பம்பைக் கீழ போட்டுட்டு நிப்பேன். இவ்வளவு காத்து யாருகிட்ட இருக்குன்னு. ஒரு வருஷம் குரலை மட்டும் கேட்டேன். மனசுல ஒரு கணக்கு. ஒன்பது அடி உயரம் இருப்பா, நெஞ்சு கொல்லன் துருத்தி மாதிரி இருக்கும்னு.

— வந்து பாத்தா?

— ஏணி எடுத்துக்கிட்டு வந்தேன், பேசறதுக்கு. பாத்தா நீ என் தோளுக்குக்கூட இல்ல. ஏணியைத் திருப்பிக் குடுத்துட்டேன்.

— ஏணி பொய்.

— ஏணி நிஜம். ஒன்பது அடிதான் பொய். பத்தடின்னு நினைச்சேன். மைக்கு, ஒரே ஒரு தடவை சொல்லேன். 'பயணிகளின் கனிவான...'

— வேண்டாம்.

— ஏழு வருஷமாக் கேக்கறேன்.

— அதுக்கு முழு மூச்சு வேணும். அரை மூச்சுல கூப்பிட்டா பஸ் வராது.

— எத்தனை அமுக்கு வேணும்னு சொல்லு, தரேன்.

— வேண்டாம்னேன். அது என்ன, மோட்டார் ஓடற சத்தம்?

— எது? ஓ, அதுவா? தண்ணித் தொட்டி போச்சுன்னு எதிர் வீட்டுக்காரர் வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் கொண்டு வந்திருக்கார். தொட்டியே இல்லாம எதுல தண்ணி ஏத்தறார்னு கேக்காதே. எனக்கும் புரியல.

— தெருவுல பசங்க சத்தம்.

— நீச்சல் போட்டி. ஃப்ரிட்ஜுக்கும் அவனுங்களுக்கும்.

— பூனை ஜெயிக்குதா?

— பூனை நடுவர்.

— என்னங்க.

— சொல்லு.

— டீச்சர் ஒரு நாள் கேட்டா. எனக்கு நிஜமா என்ன ஆச்சுன்னு.

— நீ என்ன சொன்னே?

— நீங்க சொன்னதைத்தான். ஓடற பஸ் மேல ஏறினேன். திருடனைப் பிடிச்சேன். அவன் தள்ளிட்டான்.

— அது நல்ல கதை. தபால்காரருக்கு நான் வேற சொல்லியிருக்கேன். ராட்டினத்துலேர்ந்து ஒரு குழந்தையைக் காப்பாத்தப் போயின்னு. பால் போடறவருக்கு யானை.

— மொத்தம் பதினோரு கதை. ஒண்ணுலகூட நிஜம் இல்ல.

— நிஜத்துல சுவாரசியம் இல்ல.

— எனக்குச் சொல்லுங்க.

— உனக்குத் தெரியாததா?

— உங்க வாயால கேக்கணும். மழை விடறதுக்குள்ள. அமுக்குங்க, கை நிக்கப் பாக்குது.

— அமுக்கறேன். அமுக்கறேன். மறந்துட்டேன். சரி. குளியலறை பல்பு ஃப்யூஸ் போயிருந்துது.

— ம்.

— நீ என்னை மாத்தச் சொன்னே. நான் நாளைக்குன்னேன். மறுநாளும் நாளைக்குன்னேன். எட்டு நாள் நாளைக்கு. ஒன்பதாவது நாள் நீயே ஸ்டூலைப் போட்டு ஏறினே. நான் வெளி ரூம்ல கடைக்காரப் பசங்களுக்குக் கதை சொல்லிக்கிட்டிருந்தேன். நாலு பேரு. பஞ்சர் கடையில என்கூட வேலை பாத்தவனுங்க. ரொம்ப நாளைக்கப்புறம் வந்திருந்தானுங்க.

— அப்புறம்?

— உள்ளேர்ந்து நீ கூப்பிட்டே. 'என்னங்க, ஸ்டூல் ஆடுது, வந்து பிடிங்க'ன்னு. நான் 'இதோ'ன்னேன்.

— 'இதோ' எனக்குக் கேட்டுது.

— கேட்டுதா? சரி. கேட்டுது. நான் எழுந்திருக்கல, மைக்கு. கதை முடியற இடம். இன்னும் ஒரே வரி. அந்த வரியைச் சொல்லிட்டா நாலு பேரும் சிரிச்சு விழுவானுங்கன்னு எனக்குத் தெரியும். சொல்லிட்டுப் போலாம்னு இருந்துட்டேன். சொன்னேன். சிரிச்சானுங்க. அந்தச் சிரிப்புல நீ விழுந்த சத்தமே கேக்கல. சிரிச்சு முடிச்சு, கண்ணைத் துடைச்சு, தண்ணி குடிச்சு, அப்புறம்தான் வந்தேன். புது பல்பு உன் கையிலேயே இருந்துது. உடையாம.

— அது எங்க இப்ப?

— அலமாரியில. மாட்டவே இல்ல. அந்த ரூம்ல வேற பல்பு வாங்கித்தான் மாட்டினேன்.

— எனக்கு ஒண்ணு கேக்கணும்.

— திட்டறதா இருந்தா திட்டு. ஏழு வருஷமா நீ ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் தாங்கல.

— அது என்ன கதை?

— எது?

— அன்னிக்குச் சொன்ன கதை. நான் கேக்கவே இல்லயே. சிரிப்பு மட்டும்தான் கேட்டுது.

— அதை நான் அப்புறம் யாருக்கும் சொன்னதில்ல.

— தெரியும். அதான் கேக்கறேன். அங்க போனா யார் சொல்வாங்க?

— வேண்டாமே, மைக்கு. ஃப்ரிட்ஜ் பூனைக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன்.

— பூனை நீந்திப் போகட்டும். அதைச் சொல்லுங்க.

— விரல் வலிக்குது.

— கை மாத்திக்கங்க. சொல்லுங்க.

— மாத்திட்டேன். சரி, கேளு. சத்தியமா நடந்தது. ஒரு நாள் மத்தியானம் ஒரு லாரி வந்துது. பதினாறு சக்கரம். டிரைவர் சொன்னான், 'அண்ணே, எல்லாத்துக்கும் காத்து அடிச்சு வைங்க, நான் உள்ள ஒரு தூக்கம் போடறேன்'னு. சரின்னு பம்பை மாட்டினேன். அப்ப ஸ்பீக்கர்ல உன் குரல் வந்துது. பதினாலு ஊரு. நான் கேட்டுக்கிட்டே நின்னுட்டேன். பம்பை நிறுத்தணும்னு தோணல. ஒவ்வொரு ஊருக்கும் பத்துப் பவுண்டு காத்து ஏறியிருக்கும்.

— நான்தான் காரணமா?

— எல்லாத்துக்கும் நீதான் காரணம். திரும்பிப் பாத்தா, டயர் பதினாறும் பூசணி மாதிரி உப்பியிருக்கு. லாரிக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி. நான் குனிஞ்சு பாத்தேன். ஒரு எறும்பு அடியில நடந்து இந்தப் பக்கம் வந்துது. அப்புறம் ஒரு கோழி. அப்புறம் நான் நிமிர்ந்துட்டேன், ஏன்னா லாரி என் தலைக்கு மேல இருந்துது.

— டிரைவர்?

— தூங்கறான். லாரி மெதுவா எழும்பி, கடை மேல போயி, பஸ் ஸ்டாண்டுக்கு மேல வந்து நின்னுது. சரியா நடுவுல. நிழல் விழுந்ததும் கீழ பயணிங்க எல்லாம் மழை வரப் போகுதுன்னு குடையை விரிச்சுட்டாங்க. அப்பதான் அவன் கண்ணு முழிச்சு வெளிய தலையை நீட்டினான். கீழ பாத்தான். பயப்படல, லாரிக்காரன். அவனுக்கு ஒரே கவலைதான். 'எந்த இடத்துல நிறுத்தறது?'ன்னு மேலேர்ந்து கத்தினான்.

— யாரு பதில் சொன்னா?

— யாருக்கும் வாய் வரல. கண்டக்டர், போலீஸ், எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கறாங்க. நீ உன் கண்ணாடி ரூமுக்குள்ள இருந்தே. அண்ணாந்து ஒரு பார்வை பாத்தே. மேல ஒரு லாரி நிக்குது. சரி, நிக்கட்டும், உனக்கு இது தினமும் நடக்கற மாதிரி. மைக்கைப் பக்கத்துல இழுத்தே. தொண்டையைச் செருமினே. ஸ்பீக்கர்ல உன் குரல் வந்துது. நீ என்ன சொன்னேன்னா...

— சார். உள்ள வரலாமா சார்? கதவு திறந்தே இருந்துது. இல்லத்து வண்டி சார், கீழ நிறுத்தியிருக்கேன்.

— யாருப்பா அது? இந்த மழையில எப்படி வந்தே?

— எந்த மழை சார்? ரோடெல்லாம் காய்ஞ்சுகிட்டிருக்கு. பத்தேகாலுக்கே வெயில் வந்துடுச்சே. மரத்தையும் அறுத்து ஓரமாப் போட்டுட்டாங்க. ஆமா, ஏன் சார் இன்னும் கையால அமுக்கிக்கிட்டிருக்கீங்க? கீழ் வீட்டுல ஃபேன் ஓடுதே. கரண்ட் வந்து அரைமணிக்கு மேல இருக்குமே.

— மைக்கு. நான் வந்து...

— தெரியும்.

— எது தெரியும்?

— காக்கா. மோட்டார். பசங்க. எல்லாம். வெயில் என் கன்னத்துல பட்டுது. நீங்க தோளால மறைச்சீங்க.

— அப்பவே தெரியுமா? பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல?

— நல்லாப் புளுகினீங்க. நிறுத்த மனசு வரல.

— அம்மா, குறுக்க பேசறதுக்கு மன்னிச்சுக்கங்க. அங்க டாக்டர் காத்துக்கிட்டிருக்கார். உங்களைத் தூக்கறதுக்கு ரெண்டு ஆளு படியில நிக்கறாங்க. நான் கொண்டு வந்த மிஷின்ல மாட்டிட்டா சாருக்கும் கைக்கு ரெஸ்ட்டு. கிளம்பலாங்களா?

— என்னங்க.

— சொல்லு.

— கதையை முடிங்க.

— மாட்டேன். ஒரு தடவை முடிச்சதே போதும். அந்த வரி இந்த வாயால இனிமே வராது.

— அது என் வரிதானே? நானே சொல்றேன்.

— ஆறு வார்த்தையில அடங்காது, மைக்கு.

— அப்ப நிறுத்தாம அமுக்குங்க. இந்தத் தடவை வந்து கெட்டியாப் பிடிச்சுக்கங்க.

— பிடிச்சுட்டேன். ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கேன். தம்பி, நீ அந்த ஸ்டூல்ல உக்காரு. சொல்லு, மைக்கு.

— பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மழை இன்னும் விடாத காரணத்தால், கீழே வந்து நிற்கும் வண்டி தாமதமாகப் புறப்படும்.